சாம்பல் புதனுக்குள்

காணும் பொங்கலன்று படவேட்டுக்குப் பேருந்தில் போகிறவர் உட்கார்ந்து போக ஆசைப்படக் கூடாது. கோயிலுக்குப் போகிற கூட்டமும் சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிற கூட்டமும் ஒரே பேருந்தில்தான் ஏறும். வேலூரிலிருந்து அற்புதராஜ் நின்றுகொண்டே வந்தார். கண்ணமங்கலத்தில் ஒரு கல்லூரிப் பெண் எழுந்து இடம் கொடுத்தாள். “உக்காரும்மா, எனக்கு இன்னா வயசாயிடுச்சு?” என்று சொல்லிவிட்டுக் கம்பியை இன்னும் இறுக்கிப் பிடித்தார். வயது எழுபத்தொன்று. கஞ்சி போட்ட சட்டை மட்டும் விடியற்காலையில் உடுத்தியபடியே மடங்காமல் இருந்தது. உள்ளே இருந்த மனுஷன்தான் கசங்கிப் போயிருந்தார்.

மூன்று பேர் இருக்கையில் நான்காவதாக ஒட்டிக்கொண்டிருந்த ஜோசபின், மடியில் பழக்கூடையோடு ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். நாற்பத்திரண்டு வருடக் குடும்பத்தில் அந்தப் பார்வைக்கு அவர் உரை தேடத் தேவையில்லை. இன்றைக்காவது வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள் என்பதுதான் அது.

சொல்ல வேண்டியது பெரிய ரகசியமில்லை. மகன் பிரவின்ராஜுக்கு அமெரிக்காவில் கிரீன் கார்டு இன்னும் கிடைக்கவில்லை. ஆனால் கிடைத்துவிட்டது என்று அவர்கள் ஊரான ஒடுகத்தூர் முழுக்கத் தெரியும். அதுவும் எவரோ டீக்கடையில் சொல்லித் தெரிந்ததல்ல. ஆலயத்தில், பீடத்திலிருந்து ஆயர் வாசித்துத் தெரிந்தது.

சென்ற ஜூன் மாதம் பிரவின் போன் பண்ணினான். “ப்பா, கடைசி ஃபைலும் போட்டாச்சு. ரசீது வந்துடுச்சு” என்றான். அற்புதராஜ் புதூர்நாட்டில் மலைவாழ் மக்கள் கூட்டுறவுச் சங்கத்தில் முப்பத்துநான்கு வருடம் இருந்தவர். மலையிலிருந்து புளியும் தேனும் சாமையும் வரும். எடை போட்டு, சாக்குத் தைத்து, சரக்கு கிடங்குக்குள் போன பிறகுதான் சங்கத்தில் ரசீது கிழிப்பார்கள். ரசீது கிழித்தால் வேலை முடிந்தது. அவர் அறிந்த உலகத்தில் ரசீது என்பது கடைசியாக வருவது. அமெரிக்காக்காரன் மனுவை வாங்கிக்கொண்ட கையோடு ரசீது கொடுத்துவிட்டு, அதற்குப் பிறகுதான் நம்மைக் காக்கவைப்பான் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? பன்னிரண்டு வருடமாகக் காத்திருந்த விஷயம் முடிந்தது என்று நினைத்தார். அந்த ஞாயிற்றுக்கிழமையே ஸ்தோத்திரக் காணிக்கைக் கவரின் மேல் தன் அழகான கையெழுத்தில் எழுதினார். “மகன் பிரவின்ராஜுக்கு அமெரிக்காவில் கிரீன் கார்டு கிடைக்கக் கிருபை செய்த கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.” ஆயர் வாசித்தார். சபை ஆமென் சொன்னது.

நான்கு நாள் கழித்துத்தான் மகன் விளக்கினான். வந்தது ரசீதுதான், கார்டு இல்லை. கார்டு நாளைக்கும் வரலாம், ஒரு வருஷமும் ஆகலாம். அதுவரை, பயண அனுமதி என்று ஒரு காகிதம் வராமல் நாட்டைவிட்டு வெளியே காலெடுத்து வைத்தால், போட்ட மனுவை அவனே கைவிட்டதாகக் கணக்கு. பழைய வேலை விசாவின் முத்திரையும் தீர்ந்துவிட்டது. அதைப் புதுப்பிக்கச் சென்னைக்கு வந்தால் நேர்காணலுக்கே தேதி கிடைக்காமல் இங்கேயே மாட்டிக்கொள்வான். ஆக, அந்தக் காகிதம் வந்தால்தான் பயணம்.

“ஆயர்கிட்டச் சொல்லித் திருத்திப் படிக்கச் சொல்லலாமே” என்றாள் ஜோசபின்.

“கர்த்தருக்குச் சொன்ன ஸ்தோத்திரத்த வாபஸ் வாங்கறதா? இன்னைக்கு வரலன்னா நாளைக்கு வரப்போவுது” என்று அவர் அன்றைக்கு முடித்துவிட்டார்.

அந்த நாளை வரவே இல்லை. அதற்குள், அன்று ஆலயத்தில் ஆமென் சொன்னவர்களில் ஒருவர் படவேட்டில் உரக்கடை வைத்திருக்கும் தன் சித்தப்பா மகன் சைமனிடம் சொல்ல, சைமன் தன் மூத்த பெண் ஹெப்சிக்காக வந்து கேட்டார். ஹெப்சி வேலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்ப்பவள்; வயது முப்பத்தொன்று. பிரவினுக்கு முப்பத்தாறு. கார்டு வரட்டும், கார்டு வரட்டும் என்றே முடியில் பாதி உதிர்ந்துவிட்ட மாப்பிள்ளை. போட்டோவில் பார்த்தார்கள், போனில் பேசினார்கள், இருவருக்கும் பிடித்தது. ஆகஸ்டில் அற்புதராஜும் ஜோசபினும் படவேட்டுக்குப் போய்க் கை நனைத்துவிட்டு வந்தார்கள். தேதி மட்டும் பாக்கி.

ஊர் சும்மா இருக்குமா? பக்கத்து வீட்டு தீர்த்தகிரி பால் வாங்கப் போகும்போதெல்லாம் கேட்டார். “இன்னா சார், கார்டு வந்துச்சு, பையன் வர்ல. நம்ம ரேஷன் கடை மாரி, கார்டு இருந்தும் சரக்கு இல்லியா?” அற்புதராஜ் சிரிக்கவில்லை. ஆபீஸில் வேலை அதிகம் என்றார். அடுத்த மாதம் அங்கே பனி அதிகம் என்றார். முப்பத்துநான்கு வருடத்தில் எடையில் ஒரு கிலோ கூட்டியோ குறைத்தோ எழுதாத மனுஷன், ஒரு பொய்யைக் காப்பாற்றத் தினம் ஒரு குட்டிப் பொய் எழுதிக்கொண்டிருந்தார். உடம்பு நோகாமல் அலுத்துப்போக அதுவே போதும்.

இந்த வாரம் புதன்கிழமை பிரவின் கூப்பிட்டான். பயண அனுமதி வந்துவிட்டது. ஜனவரி கடைசியில் புறப்பட்டால் மூன்று வாரம் லீவு உண்டு. ஆனால் இதிலும் ஒரு முடிச்சு. கார்டு வருவதற்கு முன் கல்யாணம் ஆனால் ஹெப்சியும் அதே ஃபைலில் சேர்ந்துகொள்வாள். சில மாதங்களில் போய்விடலாம். கார்டு வந்தபின் கல்யாணம் என்றால் அவளுக்குத் தனி மனு. இரண்டோ மூன்றோ வருடம் அவள் இங்கே, அவன் அங்கே. ஆகவே இப்போதே நடக்க வேண்டும். பிப்ரவரி பதினெட்டு சாம்பல் புதன். அதற்குமேல் லெந்து என்கிற தவக்காலம். ஈஸ்டர் வரை ஆலயத்தில் கல்யாணம் கிடையாது. அதற்குள் மூன்று ஞாயிறு ஆலயத்தில் கல்யாண அறிவிப்பான ஓலை வாசிக்க வேண்டும். இன்று சனிக்கிழமை; நாளைக்கே முதல் ஓலை. இன்று சாயங்காலத்துக்குள் இரண்டு ஊர் ஆயருக்கும் தகவல் போயாக வேண்டும்.

இதை எண்ணிக்கொண்டே பேருந்தைவிட்டு இறங்கினார். ஜவ்வாது மலை இங்கே கைக்கு எட்டும் தூரத்தில் நின்றது. ஒடுகத்தூரிலிருந்து தினம் பார்க்கிற அதே மலைதான். குறுக்கே வழி இருந்திருந்தால் அரைப்பொழுது நடை. சுற்றி வருவதற்குள் இடுப்பு கழன்றுவிட்டது.

சைமனின் வீடு உரக்கடைக்குப் பின்னால். பண்டிகை என்று கடையில் ஷட்டர் இறக்கியிருந்தது. “வாங்க சார், வாங்கம்மா. இந்தக் கூட்டத்துல போன் பண்ணா நானே வந்திருப்பேனே” என்று சைமன் எதிர்கொண்டார். ஒல்லியான மனுஷன், எவ்வளவு பேசினாலும் குரல் உயராது. சின்னப் பெண் ஜெப்சி காபி கொண்டுவந்து வைத்தாள்.

அற்புதராஜ் நேராக ஆரம்பித்தார். “பையன் முப்பதாந்தேதி வர்றான். பிப்ரவரி பதினொண்ணு புதன்கிழம வச்சிக்கலாம்னு இருக்கோம்.”

சைமன் காபியை ஆற்றினார். “அவ்ளோ சீக்கிரமாவா? ஜெப்சிக்கு ஏப்ரல்ல கடைசி வருஷப் பரிட்சை. நான் மே மாசம்னு நெனச்சிருந்தேன்.”

“மே மாசம் அவனுக்கு லீவு கெடைக்காது.”

“ஜூன்ல?”

“ஜூன்லயும் கஷ்டம்.”

“கார்டுதான் கையில இருக்குதே சார். நெனச்சா வரலாம், நெனச்சா போலாம்னு சொல்றாங்க. அவசரம் இன்னா?”

ஜோசபினின் முழங்கை அவர் விலாவில் பட்டது. அற்புதராஜ் மண்டபம் கிடைப்பதைப் பற்றி ஏதோ சொன்னார். மே மாத வெயிலைப் பற்றிச் சொன்னார். பேசப் பேசத் தன் குரலே தனக்கு வேறு யாருடையதோ போலக் கேட்டது. சைமன் எதற்கும் மறுப்புச் சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டிக்கொண்டு, பரிட்சைக்குப் பிறகு பரிட்சைக்குப் பிறகு என்றே நின்றார்.

கடைசியில் அற்புதராஜுக்குச் சொல்வதற்குப் பொய் தீர்ந்துபோனது. அதுதான் உண்மை. மனம் திருந்தியெல்லாம் அவர் சொல்லவில்லை. சுமந்து மாளாமல் இறக்கி வைத்தார்.

“கார்டு வர்ல சைமன்” என்றார். “ரசீது வந்தத கார்டுன்னு நெனச்சி நான்தான் எழுதிக் குடுத்தேன். தெரிஞ்ச பின்னாடியும் சொல்லாம இருந்ததும் நான்தான். இப்ப முடிச்சா பொண்ணு கூடவே போவும். கார்டு வந்தப்புறம்னா அவ இங்க வருஷக்கணக்கா உக்காந்திருக்கணும். அதான் அவசரம்.”

சைமன் டம்ளரைக் கீழே வைத்தார். “தெரியும் சார்.”

“இன்னா தெரியும்?”

“எல்லாந்தான். தம்பி மொத மொத ஹெப்சிகிட்ட போன்ல பேசுனப்பவே சொல்லிடுச்சு. ஆகஸ்ட் மாசம்.”

அற்புதராஜின் காது மடல் சூடாகியது. ஐந்து மாதம். ஆபீஸ் வேலை, பனி, லீவு என்று அவர் போனில் அளந்ததையெல்லாம் இந்த மனுஷன் “ஆமாங்க சார், சரிங்க சார்” என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான்.

“தெரிஞ்சிகிட்டேவா என்ன ஆட்டம் ஆட வச்ச?”

“ஆட்டம் இல்ல சார்.” அப்போதும் சைமனின் குரல் உயரவில்லை. “என் பொண்ணு தம்பிய நம்பிப் போவுது. தம்பி பொய் சொல்லல, பொண்ணுக்கு அது போதும். ஆனா நாளைக்கு அங்க ஒண்ணுன்னா நான் அமெரிக்காவுக்கா போய் நிக்க முடியும்? உங்க வூட்டு வாசப்படியிலதான வந்து நிக்கணும். அப்ப உள்ளத உள்ளபடி சொல்ற மனுஷனா நீங்கன்னு எனக்குத் தெரியணும். உங்க வாயால வரட்டும்னு இருந்தேன். பரிட்சை கிரிட்சை எல்லாம் சும்மா.”

அற்புதராஜ் எழுந்துவிட்டார். அவர் வயதில், அவர் குடும்பத்தில், ஒரு பெண் வீட்டார் இப்படிப் பேசி அவர் கேட்டதில்லை. செருப்பு இருக்கும் இடத்தை நோக்கி இரண்டு அடியும் வைத்துவிட்டார். பின்னால் நாற்காலி நகரும் சத்தம் வரவில்லை. திரும்பிப் பார்த்தார். ஜோசபின் உட்கார்ந்தே இருந்தாள்.

“இன்னா, வர்லியா?”

“நீங்க போய்ட்டு வாங்க” என்றாள் அவள், காபியைக் கையில் எடுத்துக்கொண்டு. “நான் தேதி வாங்கிகினு வர்றேன். எனக்கு இருக்கறது ஒரே புள்ள. அவனுக்கு முடி முழுசாக் கொட்டறதுக்குள்ள நான் கல்யாணம் பாக்கணும்.”

உள்ளறையில் ஜெப்சி சிரிப்பை அடக்கமுடியாமல் இருமினாள். சைமன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அற்புதராஜ் நடு வீட்டில் கொஞ்ச நேரம் நின்றார். நிற்பது எவ்வளவு கஷ்டமான வேலை என்று காலையிலிருந்து முதன்முறையாக முழங்கால் சொன்னது. வந்து உட்கார்ந்தார்.

அப்போதுதான் ஹெப்சி வெளியே வந்தாள். அழுத முகமுமில்லை, வெட்கப்பட்ட முகமுமில்லை. நாள் முழுக்க நின்று வேலை பார்க்கிறவளின் முகம். “அங்கிள், எங்க லேப்ல வேலைய விடறதுன்னா மூணு மாசம் நோட்டீஸ். அஞ்சு மாசமா அந்த லெட்டர எழுதி பேக்ல வச்சிகினு சுத்தறேன். தேதி போடல. நீங்க ரெண்டு பேரும் ஒரு தேதி சொன்னீங்கன்னா திங்கக்கெழம குடுத்துடுவேன்.”

அவர் அந்தப் பெண்ணைப் பார்த்தார். தன் மானத்தைக் காப்பாற்றியதாக நினைத்துக்கொண்டிருந்த ஐந்து மாதமும் இவள் பையில் ஒரு காகிதமாகக் கிடந்திருக்கிறது. மன்னிப்புக் கேட்டுப் பழகாத வாய். “பதினொண்ணாந்தேதி போட்டுக்கம்மா” என்று மட்டும் சொன்னார்.

அவள் அப்பாவைப் பார்த்தாள். சைமன் எழுந்து சுவரிலிருந்த உரக் கம்பெனிக் காலண்டரைக் கழற்றி மேசையில் போட்டார். “பதினொண்ணுதான். இங்க எங்க ஆயருக்கு நான் இப்பவே சொல்லிடறேன். நீங்க உங்க ஆயருக்குப் போட்டுடுங்க. ஆறு மணிக்கு மேல ஓலைக்குப் பேர் வாங்க மாட்டாரு.” பிறகு கொஞ்சம் தயங்கி, “சாப்ட்டுட்டுதான் போவணும், சம்பந்தி” என்றார்.

அந்தச் சொல்லை ஆகஸ்டிலிருந்து அவர் ஒருமுறைகூடச் சொன்னதில்லை என்பது அப்போதுதான் அற்புதராஜுக்கு உறைத்தது.

திரும்பும்போது மாலை ஐந்தரை. பேருந்து நிறுத்தத்தில் கரும்புச் சக்கையும் பலூனும் கூட்டமுமாக இருந்தது. ஆயருக்குப் போன் போட்டுப் பேர் கொடுத்துவிட்டு, அங்கிருந்தே பிரவினைக் கூப்பிட்டார். அவனுக்கு விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது.

“டிக்கெட் போட்டுடு. பதினொண்ணு.”

“ஒத்துக்கிட்டாங்களா? இன்னாப்பா சொன்னீங்க?”

“உள்ளதத்தான்.”

பிரவின் சொன்னான். “சரிப்பா. ஒண்ணே ஒண்ணுதான் பயம். என் ஃபைல பாக்க எடுத்துட்டாங்கன்னு நேத்து வக்கீல் சொன்னாரு. இத்தன வருஷம் தூங்குனவங்க இப்ப பாத்து எந்நேரமும் அப்ரூவ் பண்ணிடலாமாம். பதினொண்ணாந்தேதிக்கு முன்னாடி கார்டு வந்துடுச்சுன்னா எல்லாம் வீண்.”

போனை வைத்துவிட்டு, அவன் சொன்னதை ஜோசபினிடம் அப்படியே சொன்னார். அவள் காலிப் பழக்கூடையை மடியில் வைத்தபடி நிறுத்தத்துக் கல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

“பன்னெண்டு வருஷமா, ஆண்டவரே அந்தக் கார்ட குடு, குடுன்னு முட்டி தேய ஜெபம் பண்ணேன். இப்ப இன்னான்னு பண்றது?”

அற்புதராஜ் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். “இன்னும் இருபத்தஞ்சு நாளைக்கு வேணாம்னு பண்ணு” என்றார்.