எல்லாவற்றையும் பிடித்த ஆன்டிபாடி

அந்தச் சின்னக் குப்பிக்குள் இருந்தது ஒரு மோனோகுளோனல் ஆன்டிபாடி. செல்லின் மேற்பரப்பில் இருக்கும் ஒரேயொரு ரிசெப்டர் புரதத்தை மட்டும் தேடிப் பிடித்து ஒட்டிக்கொள்ளும், ஒட்டிய இடம் பச்சையாக ஒளிரும், வேறு எதையும் சீண்டாது என்று அதைத் தயாரித்த கம்பெனியின் விவரத்தாள் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னது. அதை நம்பிப் பேராசிரியர் பதினொரு ஆண்டுகளில் பதினான்கு கட்டுரைகள் எழுதிவிட்டார்.

ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்தவள் ஓர் அதிகப்பிரசங்கி. பேராசிரியர் பிற்பாடு அப்படித்தான் சொன்னார். அந்த ரிசெப்டருக்கான ஜீனையே நீக்கிய செல்களை வளர்த்து, அவற்றில் ஆன்டிபாடியைச் சேர்த்துப் பார்த்தாள். மைக்ரோஸ்கோப்பில் கண் வைத்தாள். இல்லாத ரிசெப்டர் பச்சைப் பசேலென்று ஜொலித்தது. மூன்று முறை செய்தாள். மூன்று முறையும் அதே பச்சை.

படத்தை எடுத்துக்கொண்டு பேராசிரியரிடம் போனாள்.

"செல்லு தப்பும்மா," என்றார் அவர், படத்தைப் பார்க்காமலே.

"சரிபாத்துட்டேன் சார். ஜீன் இல்லவே இல்ல."

"அப்போ உன் கை தப்பு. கம்பெனியையே கேளு."

கேட்டாள். உதவி எண்ணில் இருந்தவர் தேனொழுகப் பேசினார். "கவலையே வேணாம் மேடம். பதினாலு கட்டுரை ஆதாரம் இருக்கு."

"எந்த லேப்ல எழுதினது?"

அவர் வாசித்த முகவரி அவள் உட்கார்ந்திருந்த அறையின் முகவரி.

"அந்தக் கட்டுரையெல்லாம் உங்க விவரத்தாளைத்தானே ஆதாரமா காட்டுது?"

"பாத்தீங்களா, ரெண்டும் எவ்ளோ கச்சிதமா ஒத்துப்போகுது!"

அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்றே தெரியவில்லை. வாராந்திரக் கூட்டத்தில், எது எதுவென்று எழுதாமல் இரண்டு படங்களைத் திரையில் போட்டாள். "சார், ரிசெப்டர் இருக்கறது எது?"

"இதோ, இது. கொழந்தைகூடச் சொல்லும்," என்று வலப்பக்கத்தைக் காட்டினார்.

அது ஜீன் நீக்கிய செல். யாரோ இருமினார்கள். பேராசிரியர் நிதானமாகத் தண்ணீர் குடித்தார்.

மூன்று வாரம் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு உற்சாகமாகக் கூப்பிட்டார். "ரிசெப்டரைப் பிடிக்கலன்னா வேற எதையோ பிடிக்குதுன்னு அர்த்தம். பதினஞ்சாவது கட்டுரை இதுதான். எழுதும்மா!"

எழுதினாள். முந்தைய பதினான்கும் தவறு என்று சேர்க்க மட்டும் நான்கு நாள் மல்லுக்கட்டினாள். 'மறுபார்வைக்கு உரியவை' என்று போடலாமே என்றார் அவர். அவள் மசியவில்லை. கடைசியில் ஒன்பதாம் பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில், 'தவறு' இடம்பிடித்தது.

அச்சானதும் அந்தப் பக்கத்தை மட்டும் பெரிதாக்கித் தன் மேசைக்கு மேலே ஒட்டினாள். அவள் மேசையைக் கடக்கும்போதெல்லாம் பேராசிரியர் ஜன்னலைப் பார்த்தபடியே நடக்கப் பழகிக்கொண்டார்.