ஊசிராணியின் தோட்டம்

போட்டோக்களின் நகல் பாதியில் வந்து நின்றது. மகள் போனை மேசைமேல் வைத்துவிட்டு, தொட்டால் கெட்டுவிடும் என்பதுபோல் கைகளைக் கட்டிக்கொண்டாள்.

அம்மாவின் போன். சில வாரங்களாகவே அதற்கு உயிர் போய் உயிர் வந்துகொண்டிருந்தது. அழைப்பு வந்தால் திரை உறைந்துவிடும். அதனால் நகலெடுத்து முடிக்கும்வரை எந்த அழைப்பும் வராதபடி ஃபிளைட் மோடில் போட்டிருந்தாள்.

மூச்சு வாங்குகிறது என்று முந்தைய நாள் ஆஸ்பத்திரிக்குப் போன அம்மாவை, இரண்டு நாள் பார்த்துவிட்டு அனுப்புகிறோம் என்று படுக்க வைத்துவிட்டார்கள். காலையில் மகள் பார்க்கப் போனபோது, தலையணைக்கு அடியிலிருந்து போனை எடுத்து நீட்டினாள் அம்மா.

“எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசாக்கிக் குடு. இங்க சும்மாதானே கெடக்கேன்.”

“போட்டோவெல்லாம் எடுத்து வைக்கணும்மா. நேரமாகும்.”

“போட்டோ போனாப் போகுது. எம் மூஞ்சிய நான் பாத்தாச்சு. தோட்டத்தை மட்டும் விட்டுடாதே.”

தோட்டம் என்பது ஒரு விளையாட்டு. ஒரே நிறப் பழங்களைச் சேர்த்து உடைத்தால் விதை கிடைக்கும். விதையைப் போட்டால் செடி. பள்ளிச் சீருடை தைக்கும் கடையில் நாள் முழுக்க ஒரே நீலத்தையும் ஒரே வெள்ளையையும் பார்த்த அம்மாவின் கண்ணுக்கு, வீடு திரும்பும் பேருந்தில் அந்த நிறங்கள் வேண்டியிருந்தன. குளம், பாலம், இரண்டு மயில் என்று கொஞ்சம் கொஞ்சமாக ஒரு ஊரையே வளர்த்திருந்தாள். அங்கே அவள் பெயர் ஊசிராணி.

“உன் பேர்லயே வச்சுக்க,” என்றாள் அம்மா, கண்ணை மூடியபடி. “தண்ணி மட்டும் ஊத்திடு. காஞ்சிடும்.”

மகளுக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. “வந்து நீயே ஊத்து,” என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

நகல் மறுபடி நகர்ந்து ஒருவழியாக முடிந்தது. இனி விளையாட்டு. அம்மா அதை எந்தக் கணக்கோடும் இணைக்கவே இல்லை. அப்படியே அழித்திருந்தால் அத்தனையும் மண்ணாகியிருக்கும். மகள் வீட்டு வைஃபையில் அதைத் தன் மின்னஞ்சலோடு இணைத்தாள். தன் போனில் திறந்து பார்த்தாள். குளமும் மயிலும் அப்படியே இருந்தன. செடிகள் மட்டும் லேசாகத் தலை சாய்ந்திருந்தன.

பிறகு அம்மாவின் போனில் ரீசெட்டை அழுத்தினாள். எல்லாம் அழிந்துவிடும், தொடரலாமா என்று கேட்டது. தொடரலாம் என்றாள். திரை இருண்டது. நடுவில் ஒரு வட்டம் சுற்றத் தொடங்கியது.

பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு, தான் ஓட்டும் பள்ளி வேனை வாசலில் நிறுத்திய அப்பா, குளித்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தார்.

“ஆஸ்பத்திரியிலேர்ந்து கூப்பிட்டாங்களா?”

“இல்லப்பா. உங்களுக்கு?”

“எனக்கும் இல்ல.”

வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது.

“நேத்து சேர்க்கும்போது யார் நம்பர் குடுத்தீங்க?” என்றாள் மகள்.

“என்னை எங்க பேச விட்டா உங்கம்மா? நர்ஸ் வாயத் தொறக்கிறதுக்குள்ள தன் நம்பரையே மடமடன்னு ஒப்பிச்சா.” சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே நின்றது. துண்டு தலைமேல் அப்படியே இருந்தது.

வார்டின் எண் அம்மாவின் போனில்தான் இருந்தது. சிம்மையாவது வெளியே எடுத்துத் தன் போனில் போடலாம் என்று, தையல் மெஷின்மேல் இருந்த ஊசியை எடுத்து சிம் தட்டின் சின்ன ஓட்டையில் குத்தினாள். ஊசி வழுக்கியது. மறுபடி குத்தப் போனபோது திரை வெளிச்சமானது. எந்த மொழி வேண்டும் என்று கேட்டது. எதையோ தொட்டாள். அடுத்து, அடுத்து என்று தள்ளிக்கொண்டே போனாள்.

சிக்னல் வந்தது. போன் ஒருமுறை அதிர்ந்தது. நிறுத்தி, இன்னொரு முறை. பிறகு விடாமல் அதிர்ந்தது. தவறிய அழைப்புகளைச் சொல்லும் குறுஞ்செய்திகள். எல்லாம் ஒரே எண். பெயர் இல்லை.

தன் போனிலிருந்து அந்த எண்ணை அழைத்தாள்.

“எவ்வளவு நேரமாக் கூப்பிடறோம்,” என்றது ஒரு பெண் குரல். அதட்டல் பாதியில் தணிந்தது. “மகளா? கூட யாரும்மா இருக்காங்க?”

“அப்பா இருக்காங்க. அம்மாகிட்ட குடுங்களேன்.”

பின்னால் ஏதோ தள்ளுவண்டி போகும் சத்தம் கேட்டது.

“அப்பாவைக் கூட்டிட்டு வாங்க. டாக்டர் நேர்ல பேசுவாரு.”

அப்பா துண்டை நாற்காலியில் போட்டார். சட்டையைப் போட்டுக்கொண்டார். முதல் பொத்தானை இரண்டாவது ஓட்டையில் மாட்டியிருந்தார். மகள் பார்த்தாள்.

வேனில் முன்னிருக்கையில் அவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். அப்பா சாவியை நுழைத்தார். பிள்ளைகளை ஏற்றிவிட்டுப் பார்ப்பதுபோல் கண்ணாடியில் பின்னால் பார்த்தார். வரிசையாகக் காலி இருக்கைகள். இன்னொரு தரம் பார்த்தார்.

பிறகு வண்டியைக் கிளப்பினார்.