நான் விற்ற டைமண்ட் வீல்

1

"எத்தனை வேணும்?"

"பத்து."

"போன சனிக்கிழமையும் பத்துதானே வாங்கிட்டுப் போனீங்க?"

"அது போன வாரத்து இரும்புங்க. இது இந்த வாரத்து இரும்பு."

"இரும்பு வாரத்துக்கு வாரம் மாறுதா?"

"மாறுதுங்க. நீங்கதான் கவனிக்கறதில்ல."

என் அம்மாவும் ஒரு ஜன்னல்காரரும் பேசிக்கொண்டது இது. அம்மா எங்கள் டூல்ஸ் கடைக் கவுண்டருக்கு உள்ளே நின்றாள். ஜன்னலுக்குக் கம்பி வெட்டிப் பற்றவைப்பவர் வெளியே நின்றார். நான் அவருக்குப் பின்னால், போல்ட் பெட்டிகளுக்கு நடுவே, கல்லூரிப் புத்தகத்தை விரித்துவைத்துக்கொண்டு ஒரு வரிகூடப் படிக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

இருபத்திரண்டு வருஷமாக இதை நான் எங்கும் எழுதியதில்லை. முப்பத்தொரு குடும்ப நாவல்கள் எழுதியிருக்கிறேன். அவற்றில் எத்தனையோ பேருக்கு எத்தனையோ பேரைக் கட்டிவைத்திருக்கிறேன். இந்த இரண்டு பேரை மட்டும் தொட்டதில்லை.

இப்போது ஏன் என்றால், போன மாதம் எங்கள் பால்கனிக் கம்பி துருப்பிடித்து ஆடத் தொடங்கியது. வெட்டியெடுக்க வந்தவர், "கம்பி வெட்டற வீல் தீர்ந்துபோச்சு மேடம், ஒண்ணு வாங்கிட்டு வந்துடுங்க" என்றார். போனேன். கடைக்காரர் சாதாரணமாகக் கேட்டார்: "டைமண்டா, சாதாவா?"

பதில் எனக்குத் தெரியும். நான் கடைக்காரி பெற்ற பெண். ஆனால் வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் போலிருந்தது. "அப்புறம் வரேங்க" என்று திரும்பிவிட்டேன். கம்பி இன்னும் ஆடிக்கொண்டுதான் இருக்கிறது. அன்று மதியம் எழுத உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்: "தீப்பொறிகள் மழையாய்ச் சொரிய, அவன் நெற்றி வியர்வையைத் துடைத்தபடி, அவள் முகத்தை மனக்கண்ணில்—"

வேண்டாம். அவருக்கு நாற்பத்தெட்டு வயது. அவரை 'அவன்' என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

இரண்டாம் தொடக்கம்: "கணவனை இழந்து ஏழு ஆண்டுகள் கழித்து, அவள் வாழ்வில் மீண்டும் ஒரு வசந்—"

இதை அம்மா படித்தால், "கடைல பிளம்பிங் சாமான் வாங்க வந்தவர் நின்னுட்டிருக்கார், வசந்தத்தை ஓரமா வை" என்பாள்.

மூன்றாம் தொடக்கம்: "இரும்பு வெட்டும் சக்கரங்கள் இரு வகைப்படும்."

இது இருக்கட்டும்.

3

இரும்பு வெட்டும் சக்கரங்கள் இரு வகைப்படும். சாதா வீல் என்பது கல்துகளைப் பிசினில் குழைத்துத் தட்டாக்கியது. மெல்லிசாக இருக்கும். வேகமாக வெட்டும். வெட்ட வெட்டத் தானும் தேயும். காலையில் சாஸர் அளவு இருப்பது, மாலையில் பாட்டில் மூடி அளவுக்கு வந்துவிடும். பொறி, தூசி, கருகிய வாடை எல்லாம் உண்டு. கோணலாகப் பிடித்தால் உடைந்து தெறிக்கும்.

(தன்னைத் தேய்த்துக்கொண்டு உழைப்பது, தாய்மை என்றெல்லாம் போக என் பேனாவுக்கு இந்த இடத்தில் ஆசை. முப்பத்தொரு நாவல்களில் போயாகிவிட்டது. இங்கே வேண்டாம்.)

டைமண்ட் வீல் எஃகுத் தட்டு. அதன் விளிம்பில் வைரத்துகள் பதித்திருக்கும். தேயாது, அளவு குறையாது, தெறிக்காது. நிதானமாகத்தான் வெட்டும். அழுத்தினால் சூடேறி மழுங்கிவிடும். உயரத்தில் ஏணிமேல் நின்று வேலை செய்பவர்கள், அடிக்கடி வீல் மாற்ற முடியாதவர்கள் அதைக் கேட்பார்கள். ஒன்று வாங்கினால் மாதக்கணக்கில் கடைப்பக்கம் வர வேண்டாம்.

கடைசி வாக்கியத்தை இன்னொரு முறை படியுங்கள். கதை அதற்குள்தான் இருக்கிறது.

4

சாதா வீலின் நடுவில் ஓர் உலோக வளையம் உண்டு. அதில் மாதமும் வருஷமும் அடித்திருக்கும். பிசின் ஈரத்தை இழுத்து நாளாக நாளாகப் பலம் குறையும் என்பதால், தேதி தாண்டியதை மாட்டக் கூடாது. மற்றவர்களுக்கு அம்மா அடுக்கிலிருந்து அப்படியே எடுத்துக் கொடுப்பாள். ஜன்னல்காரருக்கு மட்டும் ஒவ்வொன்றாக எடுத்து, வளையத்தில் தேதியைப் படித்து, வெளிச்சத்தில் திருப்பி விரிசல் பார்த்து, பிறகுதான் கவுண்டர்மேல் வைப்பாள்.

பத்து வீலுக்குப் பத்து நிமிஷம். அவர் ஏன் எப்போதும் பத்து கேட்டார் என்பது எனக்கு இப்போது புரிகிறது.*

* அப்போதும் புரிந்தது. 'இப்போது' என்று எழுதியது பொய். மேலே திருத்தவில்லை, இருக்கட்டும்.

5

இந்தக் கதையைப் பாதிவரை படித்த என் தோழி, "இவ்வளவு நல்லவரா? ஒரு குறை வைடி, நம்ப முடியல" என்றாள்.

குறை வைக்கத் தேவையில்லை, இருந்தது. வாராவாரம் எங்கள் கடைப் பேனாவை அளவு எழுத வாங்கிக் காதில் செருகிக்கொண்டு போய்விடுவார். அம்மா கேட்டால், "ஐயையோ, இதுவும் உங்களுதா?" என்பார். ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. சொன்ன நகைச்சுவையையே திரும்பச் சொல்வார். அவர் பட்டறைப் பலகையில் இருந்த எழுத்துப்பிழையை ஒருமுறை சொல்லிவிட்டேன். அதிலிருந்து எனக்கு டீச்சரம்மா என்று பெயர்.

"டீச்சரம்மா, ஜன்னலுக்கு எத்தனை 'ன்'? மறந்துபோச்சு."

நான் சிரிக்க மாட்டேன். அம்மா சிரிப்பாள். ஒரு சனிக்கிழமை, கையிலிருந்த வீலைக் கவுண்டரில் வைத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அப்பா போன பிறகு அந்தச் சிரிப்பை நான் கேட்டதில்லை. சரியாகச் சொன்னால், அப்பா இருந்தபோதும் அதை அவ்வளவாகக் கேட்டதில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

எனக்குப் பத்தொன்பது வயது. வீட்டில் நாங்கள் இருவர்தான். அம்மாவிடம் எனக்கு மட்டும் இருந்த இடத்தில் இன்னொருவர் வந்து உட்காரப் போகிறார் என்று—

இந்த வாக்கியத்தை நான்கு முறை முடித்துப் பார்த்தேன். நான்கு முறையும் என்னை நல்லவளாகக் காட்டியது. பாதியிலேயே விடுகிறேன்.

6

அடுத்த சனிக்கிழமை அம்மா பேங்குக்குப் போயிருந்தாள். கவுண்டரில் நான் நின்றேன்.

"டீச்சரம்மா, பத்து வீல்."

சுவரில் ஓர் ஆணியில், ஒரே ஒரு டைமண்ட் வீல் பார்வைக்கு மாட்டியிருந்தது. அதை இறக்கி அவர் முன் வைத்தேன்.

"இதை எடுத்துக்குங்க. ஒண்ணு ஐம்பதுக்குச் சமம். தெறிக்காது. தூசி கம்மி, நெஞ்சுக்கு நல்லது. தேதி கீதி பாக்க வேண்டாம்."

நான் சொன்ன ஒவ்வொரு சொல்லும் உண்மை. நோக்கம் ஒன்றுதான் பொய்.

அவர் அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "அப்ப அடிக்கடி வர வேண்டியிருக்காது, இல்ல?"

"வரவே வேண்டாம்."

அவர் என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. பலகையில் பிழை இருக்கிறது என்று நான் சொன்ன அன்றும் இப்படித்தான் பார்த்தார். "சரிம்மா" என்றார். டீச்சரம்மா என்று சொல்லவில்லை. வீலைத் தாளில் சுற்றிக்கொண்டு போனார். அன்றைக்கு மட்டும் பேனாவைக் கவுண்டரிலேயே வைத்துவிட்டுப் போனார்.

7

பன்னிரண்டு சனிக்கிழமைகள்.

ஒரு நாவலாக இருந்தால் இங்கே அம்மா மெலிவாள், ஜன்னலோரம் நின்று பெருமூச்சு விடுவாள். என் அம்மா மெலியவில்லை. நன்றாகச் சாப்பிட்டாள். சரக்கு இறக்கினாள். பைப் அளவு தெரியாமல் வந்தவர்களை அதட்டினாள். சனிக்கிழமை பதினோரு மணிக்கு மட்டும் அவருக்கென்று ஒதுக்கிய அடுக்கை எடுத்து, ஒவ்வொரு வீலாகத் தேதி படித்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, திரும்ப அடுக்கிவைத்தாள். பத்து நிமிஷம்.

"எதுக்கும்மா சும்மா சும்மா பாக்கற?"

"ஈரம் இழுத்திருக்கானு."

நான் புத்தகத்தைப் பார்த்தேன். அந்தப் பருவத் தேர்வில் இரண்டு பாடத்தில் தோற்றேன். சொல்லிவிடலாம் என்று பலமுறை வாயெடுத்தேன். ஒவ்வொரு முறையும் யாராவது வாஷர் கேட்டு வந்தார்கள்.

(யாரும் வரவில்லை.)

8

பதின்மூன்றாம் சனிக்கிழமை அவர் வந்தார். இதற்கு என்னிடம் இரண்டு வடிவங்கள் உண்டு. முதல் வடிவத்தில், சாதா வீல் பழக்கத்தில் டைமண்டைப் போட்டு அழுத்தி மழுங்கடித்துவிட்டு, அம்மாவிடம் திட்டு வாங்குகிறார். அழகான வடிவம். நடந்தது வேறு.

தாளைப் பிரித்து வீலைக் கவுண்டரில் வைத்தார். "இது வெட்ட மாட்டேங்குதுங்க."

அம்மா எடுத்து வெளிச்சத்தில் திருப்பினாள். விளிம்பை விரலால் தடவினாள். "இதை நீங்க மெஷின்ல மாட்டவே இல்லையே."

அவர் வீலைச் சுற்றியிருந்த தாளை நாலாக மடித்தார்.

"அப்ப மூணு மாசமா எதால வெட்டினீங்க?"

"வேற கடைல... சாதா வீலு வாங்கி..."

"வேற கடையா?" இப்படி ஒரு குரலை நான் அவளிடம் கேட்டதில்லை. "தேதியாவது பாத்து வாங்கினீங்களா?"

"இல்லீங்க."

"கையைக் காட்டுங்க."

இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். அம்மா பத்து விரலும் இருக்கின்றனவா என்று உண்மையிலேயே எண்ணினாள்.

"மெல்லிசுக் கம்பி வெட்டறவருக்கு டைமண்ட் எதுக்கு? யார் சொன்னது உங்களுக்கு?"

அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. "நானாதான் கேட்டு வாங்கினேன். பாக்க நல்லா இருந்துது. ஆசைப்பட்டுட்டேன்."

அதோடு நான் தப்பியிருக்கலாம். என் நாவல்களின் நாயகிகள் எல்லாம் இந்த இடத்தில் உண்மையைச் சொல்வது நல்லவர்கள் என்பதால். நான் சொன்னது அந்த மனிதர் எனக்காகப் பொய் சொன்னதைத் தாங்க முடியாததால்.

"அவர் கேக்கலம்மா. நான்தான் வித்தேன். இனிமே வரவே வேண்டாம்னு சொன்னதும் நான்தான்."

"தெரியும்" என்றாள் அம்மா. "பேங்க்லேந்து வந்ததுமே பாத்தேன். ஆணி வெறுமனே இருந்துது."

"அப்ப ஏன் கேக்கல?"

"நீயா சொல்லுவேன்னு பாத்தேன்."

ஜன்னல்காரர், "வண்டி வெயில்ல நிக்குது, தள்ளி விட்டுட்டு வரேன்" என்று வெளியே போனார். வண்டி நிழலில்தான் நின்றது.

9

முடிவுகள் தயாராக இருக்கின்றன. ஒன்றில் நான் அம்மாவைக் கட்டிக்கொள்கிறேன். ஒன்றில் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடுகிறேன். இன்னொன்றில் "யோசிச்சுச் சொல்றேன்" என்கிறேன், அந்த யோசனை வருஷக்கணக்கில் நீள்கிறது. மூன்றையும் எழுதிப் பார்த்தேன். மூன்றும் நம்பும்படி இருக்கின்றன. அவற்றில் ஒன்று நடந்தது. எது என்று சொல்லப்போவதில்லை. பதிப்பாளர் கோபித்துக்கொள்ளட்டும். எனக்குப் போன் செய்தும் கேட்காதீர்கள்.

காரணம் இதுதான். அன்றைக்கு நான் சொன்ன பதிலை எழுதிவிட்டால், நீங்கள் என்னைப் பற்றி யோசிக்கத் தொடங்கிவிடுவீர்கள். இருபத்திரண்டு வருஷமாக நானும் அதையேதான் செய்தேன். என் பயம், என் குற்றம், என் பதில். கேட்டவளை எழுதவே இல்லை.

அதனால் நான் நின்ற இடத்தில் நீங்கள் நில்லுங்கள். போல்ட் பெட்டிகளுக்கு நடுவே, புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு. வயது பத்தொன்பது. எதிரே நாற்பத்து மூன்று வயதுப் பெண் ஒருத்தி. கையில் இரும்புத்தூள். வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, கவுண்டர் பலகையைத் தூக்கி, உங்கள் பக்கம் வருகிறாள். கடையில் சரக்கு இறக்குபவர்களிடம்கூடக் கெஞ்சாத குரல் அவளுக்கு. அது கொஞ்சம் பிசிறுகிறது.

"பாப்பா, உன்கிட்ட நான் இதுவரைக்கும் எதுவும் கேட்டதில்ல. மூணு வருஷமா வாய் வரைக்கும் வரும், முழுங்கிடுவேன். இப்ப கேக்கறேன். அவர் நம்ம வீட்டுக்கு வரட்டும்டி. சாப்பிட்டுட்டுப் போறதுக்கு இல்ல. இருக்கறதுக்கு. நீ சரின்னு சொல்லு."