பதினொன்றாம் தீர்மானம்

மாரிச்செல்வி மூன்றாவது வார்டு உறுப்பினர். வார்டு பெண்களுக்கென்று ஒதுக்கப்பட்டிருக்காவிட்டால் நல்லூத்துப்பட்டியில் அவளை யாரும் நிற்கச் சொல்லியிருக்க மாட்டார்கள். அது அவளுக்கு நன்றாகத் தெரியும். ராஜபாளையத்தில் ஒரு நைட்டி கம்பெனியில் தையல் வேலை. செப்டம்பர் கடைசியில் ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் கம்பெனியில் மிட்டாய் கொடுத்தார்கள். சட்டமன்றத்திலும் பாராளுமன்றத்திலும் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் என்று அரசியல் சட்டத்தையே திருத்திவிட்டார்களாம்.

"எப்ப இருந்து?" என்று கேட்டாள் மாரிச்செல்வி.

யாருக்கும் தெரியவில்லை. போனில் தேடிப் படித்தாள். முதலில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடக்க வேண்டும், பிறகு தொகுதிகளைப் பிரிக்க வேண்டும், அதற்குப் பிறகுதான். வாயிலிருந்த மிட்டாய் கசந்தது.

அக்டோபர் இரண்டாம் தேதி கிராம சபை. பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் கூட்டம். ஊராட்சித் தலைவர் வெங்கடேஸ்வரிதான், ஆனால் தலைவர் நாற்காலியில் அவள் கணவர் வேல்பாண்டி உட்கார்ந்திருந்தார். ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். வெங்கடேஸ்வரி பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், மடியில் கைப்பையோடு இருந்தாள். குடிதண்ணீர், தெருவிளக்கு, நூறு நாள் வேலை எல்லாம் பேசி முடித்த பின் மாரிச்செல்வி எழுந்து, எழுதி வைத்திருந்ததை வாசித்தாள். காத்திருக்கச் சொல்லும் அந்த நிபந்தனையை நீக்கி, அரசியல் சட்டத்தை மறுபடி திருத்தி, வரும் தேர்தலிலேயே இடம் கொடுக்க வேண்டும்.

"இது டெல்லி சமாச்சாரம்மா. நாம தீர்மானம் போட்டா மாறிருமா?" என்றார் வேல்பாண்டி.

"மாறுதோ மாறலையோ, நாம கேட்டோம்னு இருக்கட்டும்ண்ணே."

பெண்கள் அத்தனை பேரும் கை தூக்கினார்கள். ஊராட்சிச் செயலர் இசக்கிமுத்து, "சரிக்கா, எழுதிக்கிடுதேன்" என்றான். பதிவேட்டில் எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். கையெழுத்துகளுக்கு மேலே பக்கம் வெறுமையாக இருந்தது. எப்போதும் அப்படித்தான், பிறகு எழுதிக்கொள்வார்கள். மாரிச்செல்வியும் போட்டாள்.

மூன்று வாரம் கழித்து, தீர்மானம் மேலே போய்ச் சேர்ந்ததா என்று பார்க்க, அரைநாள் லீவு போட்டுவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் ஒன்றிய அலுவலகத்துக்குப் பஸ் ஏறினாள். அங்கே வேலை பார்க்கும் செல்லக்கனி நகலைத் தேடி எடுத்துக் கொடுத்தாள். பதினொன்றாம் தீர்மானம்: 'பெண்களுக்கு இட ஒதுக்கீடு வழங்கிய அரசுக்கு நன்றி தெரிவித்து ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.' அடியில் அவள் கையெழுத்தும் இருந்தது.

மூன்று முறை படித்தாள். காது மடல் சுட்டது.

"நல்ல தீர்மானந்தானக்கா?" என்றாள் செல்லக்கனி.

மாரிச்செல்வி நகலை மடித்துக்கொண்டு படியிறங்கினாள். நேரே ஊராட்சி அலுவலகம் போய் இசக்கிமுத்துவைப் பிடித்தாள்.

"ஏலே, நான் நன்றியா சொன்னேன்?"

"கோரிக்கைன்னு எழுதினா மேல இருந்து கேள்வி வரும்னு வேல்பாண்டி அண்ணாச்சி சொன்னாவ. ரெண்டும் ஒரே விஷயந்தானக்கா."

"ஒரே விஷயமா? பசிக்குன்னு சொன்னவளுக்கு, சாப்பிட்டாச்சுன்னு எழுதி வச்சிருக்க!"

வெங்கடேஸ்வரி வீட்டுக்குப் போனாள். அவள் குனிந்து பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"தலைவர் கையெழுத்து உங்களுதுதான மதினி?"

"அவிய போடச் சொன்ன எடத்துல போட்டேன். படிக்கலை செல்வி." தலை நிமிரவே இல்லை.

இவளிடம் கோபப்படுவதா, இவள் நிலைமைக்கு வருத்தப்படுவதா என்று தெரியாமல் மாரிச்செல்வி வாசலிலேயே நின்றாள். வெறும் பக்கத்தில் தானும்தானே கையெழுத்துப் போட்டோம் என்று நினைத்தபோது எரிச்சல் இன்னும் கூடியது.

நவம்பர் ஒன்றாம் தேதி அடுத்த கிராம சபை; தண்ணீர் டேங்க் கட்டும் தீர்மானமும் அன்றைக்குத்தான். தீர்மானத்தை என் கண்ணெதிரே எழுதினால்தான் கையெழுத்து என்றாள் மாரிச்செல்வி. அவள் வார்டுப் பெண்கள் பதினோரு பேரும் பேனாவைத் தொடவில்லை. ஆள்கணக்கு குறைந்தது. கூட்டம் செல்லாது என்ற நிலை.

"டேங்க் வேலையைத் தடுத்துப்புட்டா" என்று ஆண்கள் கத்தினார்கள். "உன்னால தண்ணி நின்னுருமாட்டி?" என்று ஒரு பெண்ணே கேட்டபோதுதான் அவளுக்கு அழுகை முட்டியது. ஆனாலும் அசையவில்லை.

கடைசியில் இசக்கிமுத்து பதிவேட்டைத் திறந்தான். அவள் தன் பழைய கோரிக்கையை வரி வரியாகச் சொல்ல, அவன் எழுதினான். வேல்பாண்டி போனைக் காதில் வைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். வெங்கடேஸ்வரி பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்தாள். நாலு வருஷத்தில் முதல் தடவையாக, விரல் வைத்து முழுவதும் படித்தாள்.

"ரெண்டாவது வரியில 'நிபந்தனை'ல ஒரு எழுத்து விட்டுப்போச்சு" என்றாள். இசக்கிமுத்து திருத்தியதும் கையெழுத்துப் போட்டாள்.

தை மாதம் ஒன்றிய அலுவலகத்திலிருந்து பதில் வந்தது, ஒரே வரியில். 'மேற்படி பொருள் ஊராட்சியின் அதிகார வரம்புக்கு உட்பட்டதல்ல.'

"எதுடா நம்ம வரம்பு?" என்று மாரிச்செல்வி கேட்டாள். இசக்கிமுத்து கடிதத்தைக் கோப்பில் சேர்த்தான்.

அடுத்த வருஷத்து ஜனவரியில் எல்லோருடைய பதவிக்காலமும் முடிந்தது. அன்றைக்கும் கணக்கெடுப்பு தொடங்கியிருக்கவில்லை. உள்ளாட்சித் தேர்தல் எப்போது என்று கேட்டதற்கும் தேதி சொல்ல ஆளில்லை. உறுப்பினர் அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு கம்பெனிக்குப் பஸ் ஏறினாள் மாரிச்செல்வி.