செல்வமலர் அணில்களுக்குப் பொருத்தம் பார்த்தது

1.
1994இல் தோர்ண்டன் ஹீத் போகிற பஸ்ஸில் எனக்கு இந்தக் கதை கிடைத்தது. பக்கத்து இருக்கையில் பேயறைந்த முகத்தோடு இருந்த ஓர் இலங்கைத் தமிழ் அம்மா, நான் எழுதுகிறவன் என்றதும் கொட்டிவிட்டார். "எழுதுங்கோ. பேரை மட்டும் மாத்துங்கோ." மாற்றிவிட்டேன். இனி அவர் செல்வமலர்.

"லண்டனில் பனி பெய்துகொண்டிருந்த ஒரு..." வேண்டாம். பெய்யவில்லை.

2.
செல்வமலர் ஒரு பூங்காவில் சிவப்பு அணில்களைப் பராமரிப்பவர். இந்த நாட்டுச் சொந்த அணில் அது. சாம்பல் அணில் வந்து பெருகியதில் அருகிப்போனது. கூண்டில் பெருக்கிக் காட்டில் விடுவது திட்டம். சோடி சேர்ப்பது செல்வமலரின் வேலை. ஆராய்ச்சியாளர் ஜூடித் சொன்னது ஒன்றுதான்: நெருங்கிய சொந்தத்தைச் சேர்க்காதே.

அட, யாருக்குச் சொல்கிறாள்! அண்ணன் தங்கையைச் சேர்க்கவில்லை. அக்காள் தங்கை பிள்ளைகளையும் சேர்க்கவில்லை, அதுகளும் சகோதரம்தானே. அண்ணன் மகனுக்குத் தங்கை மகள். மச்சான், மச்சாள். ஆறு வருடம், முறை பிசகாமல்.

[சோடி சேர்த்த பதிவேட்டை ஜூடித் பார்க்கவில்லையா? நானும் கேட்டேன். "என்னை நம்பினவ" என்றார்.]

3.
அன்று காலை டி.என்.ஏ பரிசோதனை முடிவு வந்தது. இருபத்துமூன்று அணில், டி.என்.ஏ கோடுகள் எல்லாம் கிட்டத்தட்ட ஒன்று. ஒரு நோய் வந்தால் மொத்தமும் போய்விடும், காட்டில் விட ஏலாது என்றார் ஜூடித்.

செல்வமலர் விரல்விட்டு முறையை விளக்கினார். ஜூடித் பேனாவைக் கீழே வைத்தார்.

"அதுவும் நெருங்கிய சொந்தம்தான், செல்வா."

"மனிசருக்கும் அப்பிடியோ?"

"ஒருமுறை என்றால் ஆபத்துக் கொஞ்சம்தான். தலைமுறை தலைமுறையாகச் செய்தால் கூடும்."

அந்தக் கணத்தில் செல்வமலருக்குள் ஏதோ... ஏதோ எல்லாம் இல்லை. பயம். ஐயோ என்று வாய்விட்டே கத்தியிருக்கிறார்.

4.
முன்பே சொல்லியிருக்க வேண்டும். அவரும் கடைசியில்தான் சொன்னார். செல்வமலர் கட்டியது தாய்மாமன் மகனை. அவர் தாயும் அப்படியே. அடுத்த மாதம் மகள் துஷ்யந்திக்குக் கலியாணம். மாப்பிள்ளை, ஹவுன்ஸ்லோவில் இருக்கும் அண்ணன் அம்பலவாணனின் மகன். பேசி முடித்தது செல்வமலர்தான்.

பூங்கா வாசல் போன் பெட்டியிலிருந்து அண்ணனை அழைத்தார்.

"தங்கச்சி, கலியாணக் கார்ட் அடிச்சு வந்திட்டுது! பின்னேரம் கொண்டு வாறன்."

"அண்ணை..."

"என்ன?"

போட்ட காசு முடிந்து லைன் அறுந்துவிட்டது.

5.
முடிவு அ: கலியாணத்தை நிறுத்துகிறார், அண்ணன் வாசல் மிதிப்பதில்லை.
முடிவு ஆ: வாயைப் பொத்திக்கொள்கிறார், பேரப்பிள்ளை பிறக்கும்வரை நித்திரை இல்லை.
முடிவு இ: துஷ்யந்தியிடமே சொல்லி... (எழுதி அடித்துவிட்டேன். அவள் அவனை விரும்புகிறாளாம்.)

இறங்கும்போது செல்வமலர் என் கையைப் பிடித்தார். "வீட்டை இப்ப அண்ணை கார்ட்டோட நிப்பார். நான் என்னத்தைச் சொல்ல?"

அவர் இறங்கிவிட்டார். பஸ் கிளம்பிவிட்டது. நீங்கள் அந்த இருக்கையில் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?