உப்புநீரில் பிச்சிப்பூ

இர்ஷாதாவுக்கு ரத்தத்தின் மேல் ஆறு வருடக் கோபம். மகள் ஜுஹைனாவுக்கு மூன்று வயதிருக்கும்போது, அவள் உடம்பின் காவல் அணுக்களே இன்சுலின் சுரக்கும் அணுக்களை அந்நியமென்று எண்ணி அழித்துவிட்டன. அன்று தொடங்கிய ஊசி, நாளொன்றுக்கு நாலு. வீட்டுக்காரனையே அடித்துப் போடும் காவலை யார்தான் மெச்சுவார்கள்?

நாகர்கோவில் ஆய்வுக்கூடத்தில் இர்ஷாதாவுக்கு வேலையும் அந்தக் காவலோடுதான். கடல்பாசிப் பசையில் ஜவ்வரிசியைவிடச் சின்ன மணிகள் செய்கிறார்கள். பின்னாளில் இவற்றுக்குள் இன்சுலின் அணுக்களைப் பொதிந்து உடம்பில் வைக்கலாம். ஆனால் வெறும் மணியைக் கண்டே ரத்தம் சண்டைக்குக் கிளம்பினால் எல்லாம் வீண். அதனால் முதலில் மணிகளைப் புது ரத்தத்தில் போட்டு, உடம்புச் சூட்டில் நாலு மணி நேரம் மெல்ல ஆட்டி, அழற்சியை அளக்க வேண்டும். ஏழு வகை மணிகள் தோற்றாயிற்று. எட்டாவதும் தோற்றால் திட்டத்தை மூடிவிடுவதாகத் தலைவர் செல்வதாஸ் சொல்லியிருந்தார்.

எட்டாவதும் தோற்றது.

"விட்டிருவோம் இர்ஷாதா," என்றார் அவர்.

கண் கலங்க அவள் கணக்குத்தாளை மறுபடி பார்த்தாள். மணியே போடாமல், மணி கழுவ வைத்திருந்த உப்புநீரை மட்டும் ரத்தத்தில் விட்ட குழாயிலும் அழற்சி அளவு அப்படியே எகிறியிருந்தது. அப்படியானால் குற்றம் மணியில் இல்லை, உப்புநீரில்.

அவளுக்குக் குளிர்பெட்டி நினைவுக்கு வந்தது. தம்பி கல்யாணத்துக்குத் தோவாளைப் பூச்சந்தையில் வாங்கிய பிச்சிப்பூவை, வாடாமலிருக்கத் தண்ணீர் தெளித்து, ஆய்வுக்கூடக் குளிர்பெட்டியில் வைத்தது அவள்தான். கீழ்த்தட்டில் சரியாக மூடாத உப்புநீர்ப் புட்டி. பூவின் இலைப்பொதியிலிருந்து அதில் சொட்டியதைப் பார்த்தும், நீராவியில் வேகவைத்துக் கிருமியைக் கொன்றால் போதுமென்று இருந்துவிட்டாள். படித்த பாடமெல்லாம் கல்யாண அவசரத்தில் காற்றில் போயிருந்தது.

வாயை மூடிக்கொண்டால் மானம் மிஞ்சும், மணி போய்விடும். அவள் சொல்லிவிட்டாள்.

"இது லேபா, பூக்கடையாம்மா?" செல்வதாஸ் கத்தித் தீர்த்தார். பிறகு, "நாளைக்கு இன்னொருக்க பாரு. அதோட சரி," என்றார்.

மறுநாள் காலை, முந்தின நாள் ரத்தம் கொடுத்த உதவியாளன் ஷிஜினே மறுபடி கையை நீட்டினான்.

"வேகவச்சதுல கிருமி செத்திருக்கும்லாக்கா? பின்ன எதுக்கு என் ரத்தத்துக்கு இந்தக் கோவம்?"

"செத்ததுதான் மக்கா. அதுக்க தோலு கெடக்கும்லா. அதக் கண்டுபிடிச்சிருக்கு."

சொல்லும்போதே அவளுக்கு மேலெல்லாம் சிலிர்த்தது. ஒரு சொட்டுப் பூத்தண்ணீர். அதில் செத்த கிருமியின் கண்ணுக்குத் தெரியாத மிச்சம். உடம்பை விட்டு வெளியே வந்து, பிளாஸ்டிக் குழாயில் நாதியற்றுக் கிடந்த ரத்தம், காக்க வீடே இல்லாதபோதும் அதை இனங்கண்டு ஊரைக் கூட்டியிருக்கிறது. யா அல்லாஹ், இப்படியும் ஒரு விசுவாசமா! இதையா இத்தனை வருடம் திட்டிக்கொண்டிருந்தோம்?

புது உப்புநீர், புது ரத்தம், நாலு மணி நேரம். அதன்பின் அளவுத்தாள் வந்தது.

செல்வதாஸ் தாளை இரண்டு தடவை படித்தார். "இதுல மணி போட்டியா?"

இர்ஷாதா குழாயை வெளிச்சத்தில் பிடித்தாள். அடியில் மணிகள் இருந்தன. செத்த கிருமியின் தோலைக்கூட விடாத ரத்தம், அவற்றைச் சும்மா விட்டிருந்தது.

"ஜுஹைனாட்ட சொல்லலாமாக்கா?" என்றான் ஷிஜின்.

"இன்னும் எத்தனையோ வருசம் கெடக்கு மக்கா. இப்பமே சொல்லப்பிடாது," என்றாள். சொல்லி முடிப்பதற்குள் அவள் கை வீட்டு எண்ணை அழுத்திவிட்டிருந்தது.