சிரில் பார்த்துக்கொண்ட கேட்

சிரில் இருபத்தாறு வருடம் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே கேட்மேனாக இருந்தார். ரயில் வரும்போது கேட்டைச் சாத்தி, போனதும் திறந்துவிடும் வேலை. 1931-இல் வயதாகிவிட்டதென்று ஓய்வு கொடுத்தார்கள்.

முதல் மூன்று மாதம் அவரைப் போல் சந்தோஷமான ஆள் அந்தத் தெருவில் இல்லை. வெயில் ஏறும்வரை தூங்கினார். மனைவி உர்சுலாவோடு ஞாயிறு பூசைக்கு நிதானமாக நடந்து போனார்.

"இப்பத்தான் மனுசனா இருக்கீங்க" என்று அவள் சிரித்தாள்.

ஆறாம் மாதம் அந்தச் சிரிப்பு நின்றது. உலை வைக்கும் நேரத்துக்கெல்லாம் குறை சொன்னார். வருடம் திரும்பியபோது பேச்சே குறைந்துபோனது. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவர் ஒருநாள் எழுந்து பழைய கேட்டுக்குப் போனார். பிறகு தினமும் போனார்.

புதிய கேட்மேன் ரெங்கசாமிக்கு அவர் தொந்தரவுதான். ஆனால் பெரியவரைத் துரத்த மனம் வரவில்லை.

ஒரு மத்தியானம் ரெங்கசாமிக்குக் காய்ச்சலில் உடம்பு உதறியது.

"போய் மருந்து வாங்கிக் குடிச்சிட்டு வா. நான் இருக்கேன்ல?"

"அண்ணே, டைம் எல்லாம் மாத்திட்டாங்க..."

"எனக்கா சொல்றே? கூட்ஸ் ரெண்டு பத்துக்கு. போப்பா."

காய்ச்சலில் மேலே வாதாட முடியாமல், ரயில் வருவதற்குள் திரும்பிவிடலாம் என்று ரெங்கசாமி போனான். கிள்ளானிலிருந்து வரும் கூட்ஸ் ரயில் அந்த மாதம் முதல் ஒன்றே முக்காலுக்கு மாறியிருந்தது. கேட் திறந்தே கிடந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த சிரிலுக்கு நெடுநாளைக்குப் பின் மனம் லேசாக இருந்தது. விசில் கேட்டு அவர் ஓடியபோது மாட்டுவண்டி ஒன்று தண்டவாளத்தில் ஏறியிருந்தது. வண்டிக்காரர் அங்கேயே செத்துப்போனார்.

விசாரணையில் ரெங்கசாமி சிரிலின் பேரை எடுக்கவில்லை. கேட்டை விட்டுப் போனது தன் தப்பு என்று மட்டும் சொன்னான். வேலை போயிற்று. குடியிருந்த ரயில்வே குவார்ட்டர்ஸையும் காலி செய்யச் சொன்னார்கள்.

சிரில் ரயில்வே ஆபீசுக்குப் போய் கிளார்க் சபாபதியின் முன் நின்றார்.

"அன்னிக்கு கேட்ல இருந்தது நான்தாங்க. எழுதிக்குங்க."

சபாபதி பேனாவைக் கீழே வைத்தார். "நீங்க இங்க வேலையிலேயே இல்லையே, சிரில். உங்களை யாரு விசாரிப்பாங்க? வீட்டுக்குப் போங்க."

"அவனுக்குப் புள்ளைங்க இருக்குங்க."

"எழுதினாலும் அவனுக்கு வேலை வராது. வெளியாளை உட்கார வெச்சான்னு இன்னொரு குத்தம்தான் சேரும்."

வெளியாள். அந்தச் சொல்லைக் கேட்டதும் சிரில் திரும்பி வாசலை நோக்கி நடந்தார்.

ரெங்கசாமி குடும்பம் பூச்சோங் பக்கம் ஒரு எஸ்டேட்டுக்குப் புறப்பட்ட அன்று சிரில் அவர்கள் வீட்டுக்குப் போனார். சாமான் ஏற்ற உதவலாம் என்று ஒரு அண்டாவைத் தூக்கினார். ரெங்கசாமியின் மனைவி தனலெட்சுமி வந்து அதை அவர் கையிலிருந்து வாங்கினாள்.

"நீங்க தொட வேணாம், அண்ணே."

அவள் குரலை உயர்த்தவில்லை. ரெங்கசாமி வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். வண்டி கிளம்பிப் போனது. கதவு திறந்து கிடந்த அந்த வீட்டு வாசலில் சிரில் உட்கார்ந்தார். பொழுது சாய உர்சுலா வந்து கையைப் பிடித்து எழுப்பும்வரை அங்கேயே இருந்தார்.